செர்ராட்டின் இரண்டு தாய்மொழிகள்

12 ஜனவரி 2025, ஞாயிறு

காலையில் போப்ளே செக் வரை நடந்தேன். பார்சலோனாவுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது, மொன்ட்ஜூயிக் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் இந்தப் பகுதியை இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். பொயேட்டா கபன்யெஸ் தெருவில் 1943 டிசம்பர் 27 அன்று பிறந்தவர் பாடகர் ஜுவான் மானுவேல் செர்ராட். அப்பா இந்த வட்டார மொழியான கட்டலான் பேசும் தொழிலாளி. அம்மா அரகான் பகுதியின் பெல்சித்தே ஊர்க்காரர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தரைமட்டமான ஊர் அது, இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. அப்பாவிடம் கட்டலான், அம்மாவிடம் ஸ்பானிஷ். பையன் இரண்டையும் சொந்தமாக எடுத்துக்கொண்டான்.

14 ஜனவரி, செவ்வாய்

நேற்றிலிருந்து 1968 பற்றியே நினைப்பு. ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சி செர்ராட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. வயது 24. 'கட்டலானில்தான் பாடுவேன்' என்று நின்றார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி சம்மதிக்கவில்லை, அவர் விலகிவிட்டார். அவசரமாக மாசியெல் என்ற பாடகியை லண்டனுக்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஸ்பெயின் ஜெயித்தது. செர்ராட்டுக்கு அரசுத் தொலைக்காட்சி பல வருடம் கதவைச் சாத்தியது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அவர் ஸ்பானிஷில் பாடத் தொடங்கியபோது கட்டலான் பாட்டு இயக்கத்தில் சிலர் துரோகம் என்றார்கள். இரண்டு பக்கமும் கோபம். அவர் இரண்டு மொழியிலும் பாடிக்கொண்டே இருந்தார். அம்மாவின் மொழியை எப்படி விட முடியும்?

19 ஜனவரி, ஞாயிறு

அவர் நடித்த படங்களில் ஒன்றைப் பார்த்தேன், 1970-இல் வந்தது. 'தண்ணீருக்கு வெளியே மீன்களின் நீண்ட மரண அவஸ்தை' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1968-லும் 1973-லும் கூட நாயகனாக நடித்திருக்கிறார். நடிகராக என்னை அவ்வளவு இழுக்கவில்லை. பாட்டு வரும் இடத்தில்தான் அந்த முகம் விழித்துக்கொள்கிறது.

22 ஜனவரி, புதன்

கீழ்வீட்டு அம்மா செர்ராட்டின் இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்று 1969-இல் வந்தது, அந்தோனியோ மச்சாதோவின் கவிதைகள். மற்றது 1972, மிகேல் எர்னாந்தெஸ். மச்சாதோ 1939-இல் போருக்குத் தப்பி பிரான்ஸ் எல்லையைத் தாண்டிய சில வாரங்களிலேயே இறந்தார். எர்னாந்தெஸ் 1942-இல் பிராங்கோவின் சிறையில், 31 வயதில். வீட்டில் ரொட்டியும் வெங்காயமும்தான் இருக்கிறது என்று மனைவி எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, கைக்குழந்தைக்காகச் சிறையிலிருந்து அவர் எழுதிய தாலாட்டும் அந்தத் தட்டில் இருக்கிறது. "பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரையே சொல்லமாட்டார்கள், செர்ராட் பாடித்தான் எனக்குத் தெரியும்" என்றார் அந்த அம்மா. பாட்டு முடியும் வரை இருவரும் பேசவில்லை.

23 ஜனவரி, வியாழன்

1975 செப்டம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து பேரை மரண தண்டனை விதித்துச் சுட்டுக் கொன்றது. அப்போது மெக்சிகோவில் இருந்த செர்ராட் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஊர் திரும்பினால் கைது என்ற நிலை. ஏறக்குறைய ஒரு வருடம், குழுவினரோடு ஒரு பஸ்ஸில் மெக்சிகோவைச் சுற்றிப் பாடினார். அந்த பஸ்ஸுக்கு அவர்கள் வைத்த பெயர் 'லா கொர்தீத்தா', நம் வழக்கில் குண்டம்மா. நவம்பரில் பிராங்கோ இறந்தார். 1976 ஆகஸ்டில்தான் செர்ராட் வீடு திரும்பினார்.

26 ஜனவரி, ஞாயிறு

2022 டிசம்பர் 23 அன்று இதே ஊரில் செர்ராட்டின் கடைசிக் கச்சேரி. நான் போகவில்லை, அந்த வருத்தம் இப்போது கூடிவிட்டது.

கீழ்வீட்டு அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் செர்ராட்டின் பழைய தாலாட்டுப் பாட்டு ஒன்றைப் போட்டார். தொடக்கம் ஸ்பானிஷில், அவர் அம்மா பாடிய நாட்டுப்பாட்டு: காலையில் பனி, நண்பகலில் வெயில், சாயங்காலம் கொசு, உழவனாக எனக்கு இஷ்டமில்லை. விவசாயப் பட்டயம் படித்த மகன் அதைப் பாடுகிறார். அப்புறம், மூச்சு மாறாமல், கட்டலானுக்குப் போகிறது குரல். அந்த இடம் வந்ததும் அந்த அம்மாவும் சேர்ந்து முணுமுணுத்தார். திரும்பவும் போடச் சொன்னேன்.