கம்பி இல்லாத கருவியும் மாமாவின் கேள்வியும்

மலேசியாவின் கெர்த்தே கடலில், எண்ணெய், எரிவாயு மேடையொன்றில் கம்பி இல்லாத அளவுக் கருவிகளோடு மூன்று வார வேலை முடித்து நேற்றுதான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் திரும்பினேன். காலையில் ரொட்டி சானாய்க் கடையில் மாமா கேட்டார்: "வீட்டு வைஃபையே மாடிக்கு எட்டவில்லை. நடுக்கடலில் அத்தனை இரும்புக்கு நடுவே எப்படியப்பா எட்டுகிறது?"

நியாயமான கேள்வி. இரும்பு அலையை மறைக்கும், திருப்பியும் அடிக்கும். அதனால் வயர்லெஸ்ஹார்ட் (ஆலைகளுக்கான கம்பியில்லாத் தொடர்பு முறை) கருவிகள் கூட்டுக் குடும்பம் போல வாழ்கின்றன. ஒன்றின் வழி அடைபட்டால் பக்கத்துக் கருவி செய்தியை வாங்கிக் கடத்திவிடும். அலைவரிசை வைஃபை பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் சேனலை மாற்றி மாற்றிப் பேசும்.

லாபம் கருவியில் இல்லை, கேபிளில் இருக்கிறது. அளவைக் கம்பி வழியே மின்னோட்டமாக அனுப்பும் 4-20 மில்லியாம்பியர் கருவி ஒன்றைக் கூட்டினால் கேபிள், அதைத் தாங்கும் தட்டு, ஏறி நின்று வேலை செய்யச் சாரம், வேலையாட்களுக்குப் படுக்கை. கடல் மேடையில் படுக்கை என்பது தங்கம்!

அவசர நிறுத்தத்துக்கு மட்டும் நாங்கள் இன்னும் கம்பியைத்தான் நம்புகிறோம்.

இந்த முறை யாரோ ஒரு புண்ணியவான், நிமிடத்துக்கு ஒருமுறை அளவு போதுமான இடத்தில், நொடிக்கு ஒருமுறை அனுப்பும்படி வைத்திருந்தார். பல ஆண்டுகள் தாங்க வேண்டிய பேட்டரி சில மாதங்களில் தீர்ந்துவிட்டது. கொதிக்கும் வெயிலில் ஏணி ஏறி மாற்றியவன் நான்.

மாமா, இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீரை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "அப்படியானால் கம்பிக்குப் பதில் உன்னை இழுக்கிறார்கள்."