ஊருக்கே போன் வந்துச்சு, ஷேர் வாங்குனவனுக்கு துட்டு வந்துச்சா?

செல்போன் வளரும்னு அன்னிக்கு சொன்னவங்க யாரும் பொய் சொல்லல. சொன்னதுக்கு மேலயே வளர்ந்துச்சு. 2002 மார்ச்ல இந்தியா முழுக்க சேத்து சுமாரா 65 லட்சம் கனெக்‌ஷன்தான், 2012 மார்ச்ல 90 கோடிக்கு மேல போயிடுச்சு. ஆனா அந்த வளர்ச்சிய நம்பி ஷேர் வாங்குன எங்க ஏரியா ஆளுங்கள்ல எத்தன பேரு சம்பாதிச்சாங்கன்னு கேட்டா விரல் விட்டு எண்ணிடலாம். இத எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. 2026 முதல் பாதிக்குள்ள ஜியோ ஐபிஓ (கம்பெனி ஷேர மொத தடவயா பொதுஜனங்களுக்கு விக்கறது) கொண்டு வரோம்னு முகேஷ் அம்பானி 2025 ஆகஸ்ட்ல சொன்னாரு இல்ல, அதுல இருந்து தண்டையார்பேட்ட, கொருக்குப்பேட்ட பசங்க வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரே பேச்சு, "இத்தன கோடி கஸ்டமர் இருக்காங்கண்ணா, எப்டி இறங்கும்?"ன்னு கேக்கறாங்க. இதே கேள்விய இன்னொருத்தர் வாயால நான் இருபது வருஷம் முன்னாடியே கேட்டுட்டேன், அதான் எழுத உக்காந்துட்டேன்.

நான் அப்ப செகண்ட் லைன் பீச்ல, மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் பில்டிங்குக்கு பக்கத்துல ஒரு சப்-புரோக்கர் (ஜனங்களுக்கு ஷேர் வாங்கி வித்து குடுக்கற ஏஜென்ட்) ஆபீஸ்ல வேல பாத்தேன். (அந்த எக்ஸ்சேஞ்சே 2015ல மூடிட்டாங்க, இப்ப பசங்களுக்கு அப்டி ஒண்ணு பாரிஸ் கார்னர் பக்கத்துல இருந்ததே தெரியாது.) ராயபுரம், வண்ணாரப்பேட்ட, மண்ணடின்னு சுத்துவட்டாரத்துல இருக்கற கடக்காரங்க, ஹார்பர்ல வேல பாக்கறவங்க, ரிட்டயர் ஆன ரயில்வேக்காரங்க எல்லாரும் அங்கதான் வருவாங்க.

மொதல்ல இந்த டிஜிட்டல் செல்போன் சமாச்சாரம் ஏன் முதலீட்டாளர்கள அப்டி மயக்குச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா அது வெறும் புரளி இல்ல, உள்ள சரக்கு இருந்துச்சு. பழைய அனலாக் போன்ல ஒரு சேனல்ல ஒரு ஆள்தான் பேச முடியும். ஜிஎஸ்எம்ன்ற டிஜிட்டல் முறை வந்ததும் 200 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒண்ண எட்டு டைம் ஸ்லாட்டா பிரிச்சு எட்டு பேரு பேசலாம்னு ஆச்சு. அதாவது அதே அலைவரிசை, அதே டவர், ஆனா கஸ்டமர் ஜாஸ்தி, தலைக்கு ஆகற செலவு கம்மி. அமெரிக்கால சிடிஎம்ஏன்ற இன்னொரு டிஜிட்டல் டெக்னாலஜி வெச்சிருந்த குவால்காம் ஷேர் 1999ன்ற ஒரே வருஷத்துல 25 மடங்குக்கு மேல ஏறுச்சு. அடுத்த வருஷம் 3ஜி அலைவரிசைக்கு இங்கிலாந்துல மட்டும் 2,250 கோடி பவுண்டு ஏலம் போச்சு. கட்டுனவங்க அந்த காச திருப்பி எடுக்க பட்ட பாடு தனிக் கத.

நம்ம ஊருக்கு அனலாக்கே வரல, 1995ல நேரா டிஜிட்டல்தான். சென்னைக்கு ஆர்பிஜி செல்லுலார், ஸ்கைசெல்னு ரெண்டு கம்பெனி. அப்ப நிமிஷத்துக்கு 16 ரூபாய்க்கு மேல, வர்ற காலுக்கும் நாமதான் துட்டு கட்டணும், அதனால போன் அடிச்சா எடுக்காம நம்பர பாத்துட்டு பக்கத்துல காசு குடுத்து பேசற பிசிஓ பூத்துக்கு ஓடுன பெரிய மனுஷங்கள நான் பாத்திருக்கேன். அப்பறம் ஸ்கைசெல்ல 2000ல ஏர்டெல் வாங்கிடுச்சு, ஆர்பிஜிய 2003ல ஏர்செல் வாங்கிடுச்சு, அந்த ஏர்செல்லும் 2018ல திவால். ஒரு ஊர்ல மொத மொத ஆரம்பிச்ச ரெண்டு கம்பெனி பேரும் இன்னிக்கு இல்ல, ஆனா அந்த ஊர்ல போன் இல்லாத வீடு இல்ல. என் மொத்த பேச்சும் இதுதான்.

2002 ஆரம்பத்துல ஏர்டெல் கம்பெனியோட ஐபிஓ வந்துச்சு, ஒரு ஷேர் 45 ரூபா. ஃபார்ம் கட்டு கட்டா வந்து ஆபீஸ் பெஞ்சுல கெடக்கும், வந்தவங்களுக்கு நாங்களே ஃபில் பண்ணி கையெழுத்து போட எடத்துல பென்சில்ல டிக் அடிச்சு குடுப்போம். லிஸ்ட் ஆன கொஞ்ச நாள்லயே 45க்கு கீழ இறங்கிடுச்சு, பாதிக்கு மேல ஆளுங்க "போதும்பா சாமி"ன்னு வித்துட்டு போயிட்டாங்க. 2003ல இன்கமிங் ஃப்ரீ ஆச்சு, ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு போன் குடுத்தாங்க, ரிக்‌ஷா ஓட்டறவர் கைல கூட போன் வந்துச்சு, அதுக்கப்பறம்தான் அந்த ஷேர் பிச்சுக்கிட்டு ஏறுச்சு. உலகமே சந்தேகப்பட்டப்ப பொறுமையா வெச்சிருந்தவங்களுக்கு கெடச்சுது. எல்லாரும் சந்தோஷமா இருந்தப்ப வந்தவங்களுக்குத்தான் அடி.

அப்டி வந்தவருதான் எம்.சி. ரோடு ஜவுளிக்கட ஒண்ணுல கணக்கு எழுதிட்டு இருந்த அண்ணன். ரொம்ப நிதானமான மனுஷன், சீட்டு கூட ஒழுங்கான ஆள்கிட்டதான் போடுவாரு. 2007 கடைசில பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருந்த பணத்துல பெரிய பங்க எடுத்துட்டு வந்து ஒரு டெலிகாம் ஷேர்ல போடணும்னாரு. கம்பெனி பேரு வேணாம். நான் கொஞ்சம் பிரிச்சுப் போடுங்கண்ணேன்னு சொன்னதுக்கு அவரு கேட்டது இன்னும் காதுல கேக்குது, "இன்னாப்பா நீ, ஊருக்கே போன் வந்துடுச்சு, தெனம் லட்சம் பேரு சேர்றான், கம்பெனிக்கு எப்டிப்பா நஷ்டம் வரும்?" கேள்வி நியாயமான கேள்விதான். டிவில வந்து பேசுன பெரிய பெரிய அனலிஸ்ட்டுங்களும் அதத்தான் இங்கிலீஷ்ல சொன்னாங்க. அந்த ஷேர் அவரு வாங்குன வெலைக்கு திரும்ப வரவே இல்ல. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு, ஆனா கடன்ல நடந்துச்சு.

எப்டி நஷ்டம் வரும்னா இப்டித்தான். ஒரே தெருவுல பத்து டீக்கட போட்டா டீ குடிக்கறவங்க ஜாஸ்தி ஆவாங்க, கடக்காரன் ஒருத்தனும் தேற மாட்டான். ஒரு சர்க்கிள்ல (லைசென்ஸுக்காக பிரிச்ச ஏரியா) அத்தன கம்பெனி இறங்குச்சு, 2009ல டாடா டோகோமோ செகண்டுக்கு ஒரு பைசான்னு ஆரம்பிச்சதும் எல்லாரும் வெலய கொறச்சே ஆவணும்னு ஆச்சு. ஒருத்தர் கிட்ட ரெண்டு மூணு சிம், கஸ்டமர் எண்ணிக்க பேப்பர்ல ஏறும், ஆனா தலைக்கு வர்ற வருமானம் இறங்கிட்டே போவும். இந்த பக்கம் இப்டி இருக்க, அந்த பக்கம் 2010ல 3ஜி ஏலத்துக்கு மட்டும் 67,719 கோடி கவர்மென்டுக்கு கட்டுனாங்க, அதுல பெரும்பகுதி கடன். 2012 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் போன் கம்பெனிங்களுக்கு குடுத்திருந்த 122 லைசென்ஸ ரத்து பண்ணுச்சு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து கால் ஃப்ரீன்னுடுச்சு. மிச்சம் இருந்தவங்க மேல 2019 அக்டோபர்ல ஏஜிஆர் தீர்ப்பு (மத்த வருமானத்தையும் சேத்து கணக்கு போட்டு கவர்மென்டுக்கு பங்கு கட்டணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது) வந்து விழுந்துச்சு, அந்த பாக்கிய சேத்து 2019 ஜூலை-செப்டம்பர் குவார்ட்டர் கணக்குல வோடஃபோன் ஐடியா காட்டுன நஷ்டம் 50,000 கோடிக்கு மேல. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் ஷேர் 2008 ஜனவரில 800 ரூபாய தாண்டி இருந்துச்சு, 2019 நவம்பர்ல ஒரு ரூபாய்க்கும் கீழ. இதெல்லாம் நடந்தப்ப ஒரு நாள் கூட ஜனங்க போன் பேசறது கொறையல, ஏறிட்டேதான் இருந்துச்சு.

அப்ப லாபம் எங்கதான் போச்சு? காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்கு போயி பாருங்க. விடியக்கால ஏலத்துக்கு முன்னாடி, சிக்னல் கெடைக்கற தூரத்துக்கு படகு வந்ததும் ஃபோன் வந்துடும், இன்னா மீனு, எவ்ளோ கூடைன்னு. போன பாலித்தீன் கவர்ல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு சட்ட பாக்கெட்ல வெச்சிருப்பாங்க, கவர் மேலயே பட்டன அமுக்கி பேசுவாங்க. நோக்கியா 1100ல இருந்த டார்ச்சுக்காகவே அத வாங்குனவங்க எங்க தெருவுல நெறைய. கேரளா கடற்கரைல ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர் இத கணக்கு போட்டே காட்டுனாரு, போன் வந்ததுக்கு அப்பறம் மத்தி மீனு விக்காம கடல்ல கொட்டறது நின்னுச்சு, மீன் பிடிக்கறவங்க லாபம் சராசரியா 8 சதவீதம் ஏறுச்சு, வாங்கறவங்களுக்கு வெல 4 சதவீதம் கொறஞ்சுது. பணம் காணாம போவல. அது போன் வெச்சிருந்தவன் கைக்கு போச்சு, ஷேர் வெச்சிருந்தவன் கைக்கு வரல. எனக்கு அதுல வருத்தம் இல்ல, ஒரு வகைல சந்தோஷம்தான். ஆனா அந்த கணக்கெழுதற அண்ணன மாதிரி ஆளுங்க கிட்ட யாராவது முன்னாடியே இத எடுத்து சொல்லியிருக்கணும்.

இப்ப நெலம வேற, அதையும் ஒத்துக்கணும். தனியார்ல மூணே கம்பெனி, கூட பிஎஸ்என்எல். 2024 ஜூலைல மூணு பேரும் ஒரே நேரத்துல ரீசார்ஜ் வெல ஏத்துனாங்க, திட்டிக்கிட்டே எல்லாரும் கட்டுனோம். தலைக்கு மாச வருமானம் ஏர்டெல்லுக்கு 2025ல 250 ரூபாய தொட்டுச்சு, ஜியோவுக்கு 210 கிட்ட. அதனால வாங்காதீங்கன்னு நான் சொல்ல வரல. என் அக்கா பையன் போன வாரம் வந்து கேட்டான், "மாமா, எவ்ளோ போடலாம்?"னு. எவ்ளோன்னு நான் சொல்லல. ப்ராஸ்பெக்டஸ் (ஐபிஓவுக்கு முன்னாடி கம்பெனி தன்னோட கணக்கெல்லாம் எழுதி வெளியிடற ஃபைல்) வந்ததும் கஸ்டமர் எத்தன கோடின்ற பக்கத்த மடிச்சு வெச்சுட்டு, மொத்த கடன் எவ்ளோ, கவர்மென்டுக்கு அலைவரிசை பாக்கி எவ்ளோ, இந்த ஐபிஓ பணம் கம்பெனிக்குள்ள போவுதா இல்ல பழைய முதலீட்டாளர் வித்துட்டு வெளிய போறதுக்கா, இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு வாடா, உக்காந்து பேசலாம்னு சொல்லியிருக்கேன். ஃபைல் ஐநூறு பக்கம் வருமேன்னான். வரட்டும், ஞாயித்துக்கிழம ரெண்டு பேருமா உக்காந்து படிப்போம்னேன்.