பாட்டிலுக்குள்ளும் வேலை செய்யும் குளோரின்

குளோரின் போட்ட மருத்துவமனைக் கழிவுநீர் மாதிரி இன்று ஆய்வகத்துக்கு வந்தது. பாட்டிலில் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் இல்லை.

வளர்ப்புத் தட்டில் ஒரு காலனிகூட (பாக்டீரியாப் புள்ளி) வராமல் போகலாம். அறிக்கையும் "சுத்தம்" என்று சொல்லும். நம்பாதீர்கள்.

மிச்சக் குளோரின் வழியெல்லாம் பாட்டிலுக்குள் கொன்றுகொண்டே வருகிறது. 120 மி.லி. காலி பாட்டிலில் 10% சோடியம் தயோசல்பேட் 0.1 மி.லி. விட்டு, அதன் பிறகே ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்ய வேண்டும். லிட்டருக்கு 15 மி.கி. குளோரின்வரை முறித்துவிடும். மாதிரி ஐஸ் பெட்டியில், 6 மணி நேரத்துக்குள் வந்து சேரணும்.

சரியாக எடுத்தால் கதையே வேறு. தட்டில் காலனிகள் வரலாம்.

சிறுநீரின் அம்மோனியா குளோரினைப் பிடித்து குளோரமைனாக்கிவிடும். அது மெதுவாகத்தான் கொல்லும். கலங்கல் துகளுக்குள் ஒளிந்த பாக்டீரியா பெரும்பாலும் தப்பிவிடும். டோஸைக் கூட்டுவதைவிட முதலில் வண்டலைப் பிரிப்பது மேல்.

மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டிலும் வளர்வதுதான் கவலை. அந்த மருந்தைச் சிதைக்கும் கார்பபெனமேஸ் என்சைமின் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிடில் (தனி டிஎன்ஏ துண்டில்) இருக்கும், இன்னொரு பாக்டீரியாவுக்குத் தாவும். செல் செத்தாலும் டிஎன்ஏ உடனே அழியாது.

வார்டு வாஷ்பேசினின் வளைகுழாயிலும் இதே பாக்டீரியாக் கூட்டம் படலமாக ஒட்டியிருக்கும். மிச்சக் குளுக்கோஸை அதில் ஊற்றினால் விருந்துதான். குழாய்ச் சுவரில் மேலேறி வரும். தண்ணீர் நேராக வடிகால் ஓட்டையில் விழும்படி குழாயைப் பொருத்தியிருந்தால், துளியோடு தெறித்து வெளியே வந்துவிடும்.