யானை தெரியுதா?

தாய்லாந்தின் சியாங் மாய் நகரிலிருந்து வடக்கே 70 கிலோமீட்டர் சொச்சம் போனால் சியாங் தாவ். 2,000 மீட்டரைத் தாண்டிய சுண்ணாம்புக்கல் மலை ஒன்று ஊருக்கு முதுகு கொடுத்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் குகை, குகைக்குள் கோயில். கோயில் பார்க்கணும் என்றாள் மனைவி, குகை பார்க்கணும் என்றேன் நான். சண்டை இல்லாமல் தீர்ந்தது.

உள்ளே கொஞ்ச தூரம் மின்விளக்கு, புத்தர் சிலைகள், ஊதுபத்தி வாசனை. அதற்கப்புறம் கும்மிருட்டு. கையில் விளக்கோடு வரும் ஊர்க்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். எங்களுக்கு வாய்த்த அக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் மிருகங்களின் பெயர்கள்தான்.

"எலிபன்ட்!" என்று ஒரு பாறையைக் காட்டினார். எனக்குப் பாறைதான் தெரிந்தது.

"ஆமாங்க, அதோ தும்பிக்கை!" என்றாள் இவள்.

"குரோக்கடைல்!" பாறை. "லயன்!" இன்னொரு பாறை. இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்ட, எனக்குக் கண் டாக்டர் ஞாபகம் வந்துவிட்டது. கடைசியில், "ஃபிரைட் எக்!" என்றார் அக்கா. பார்த்ததுமே தெரிந்தது! காலையில் சாப்பிடாமல் கிளம்பியது காரணமாக இருக்கலாம்.

நடுவில் ஒரு பொந்து. அக்கா உடும்பு மாதிரி நுழைந்து போய்விட்டார். நான் தொப்பையைத் தவணை முறையில் அனுப்பி வைத்தேன்.

வெளியே வந்து மூச்சு விடுவதற்குள், பக்கத்திலேயே காட்டுக்குள் இன்னொரு கோயில் என்றாள். வாட் தாம் பா ப்ளாங். 500 படிகள். பழநி ஏறிப் பழகியவள், முன்னால் போய்விட்டாள். நல்லவேளை, வழி நெடுக மரத்தடியில் பொன்மொழிப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நின்று நிதானமாகப் படித்தேன். ஞானம் தேடி அல்ல, மூச்சைத் தேடி. ஆங்கிலம் இல்லாத பலகைகளில் இன்னும் கொஞ்சம் அதிக நேரம்.

மேலேயிருந்து குரல் வந்தது. "என்னங்க, அது தாய் மொழி! உங்களுக்கு எப்படிப் படிக்கத் தெரியும்?"

"தாய்மொழி தெரியாம இருக்குமா?"

உச்சியில் பாறையை ஒட்டிக் கோயில், சுற்றிலும் காடு, சில்லென்று காற்று. அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த மலையைப் பாருங்க, யானை படுத்திருக்கிற மாதிரி இல்ல?"

"அச்சு அசல் யானை," என்றேன், கண்ணைத் திறக்காமலே.