சரளைப் பாதையும் குதிரைகளும்: நியூ ஃபாரஸ்ட் நாட்குறிப்பு

செப்டம்பர் 7

இங்கிலாந்தின் தெற்கில், ஹாம்ப்ஷயரில் இருக்கிறது நியூ ஃபாரஸ்ட். 1079-இல் முதலாம் வில்லியம் தன் வேட்டைக்கென ஒதுக்கிக்கொண்ட காடு, 2005-லிருந்து தேசியப் பூங்கா. மவுன்டன் பைக்குக்கு ஏற்ற மலை இங்கே கிடையாது. மரங்களுக்கும் புதர்வெளிக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் சமதளச் சரளைப் பாதைகள்தான். பிராக்கன்ஹர்ஸ்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால், சைக்கிள் குறி போட்ட எண் கம்பங்கள் சிறிது தூரத்திலேயே தொடங்கிவிடும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சைக்கிளுக்கு அனுமதி அந்தக் குறியிட்ட பாதைகளில் மட்டும். குதிரைச் சவாரிக்காரர்கள் திறந்த காட்டில் ஏறக்குறைய எங்கும் போகலாம். அதனால் குதிரை உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் மட்டும் வரும் என்று நினைக்க வேண்டாம். புதருக்குள்ளிருந்து பக்கவாட்டில் பாதையில் ஏறும். இவை போக, யாரும் ஏறாமல் தானாக மேயும் மட்டக்குதிரைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவையும் காட்டு மிருகங்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் மேய்ச்சல் உரிமை உள்ள சொந்தக்காரர் இருக்கிறார். வால் முடி கத்தரித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அது எந்தப் பகுதிக் கண்காணிப்பாளரின் பொறுப்பில் இருக்கிறது என்று தெரியும்.

செப்டம்பர் 14

சமதளத்துக்கு வண்டியைத் தயார் செய்வது பற்றி. பலர் மலைப்பாதைக்கு வைத்த காற்றோடு அப்படியே வந்துவிடுகிறார்கள். 75 கிலோ ஆளுக்கு, 29 அங்குலச் சக்கரம், 2.25 அங்குல அகல டயர், டியூப்லெஸ் என்றால் முன்னால் 24, பின்னால் 27 பிஎஸ்ஐ காற்றழுத்தம் சரியாக இருக்கும். டியூப் போட்ட டயருக்கு இன்னும் ஐந்தாறு கூட்ட வேண்டும். இந்தச் சரளையில் சிக்கிமுக்கிக் கல் நிறைய. உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி. காற்று குறைவாக இருந்தால் கல் டயரை ரிம்மோடு வைத்து நசுக்கும். கூடுதலாக இருந்தால் குளம்புக் குழிகளில் வண்டி துள்ளி, இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு மரத்துப்போகும்.

டயருக்கு 100 மில்லி சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். மூன்று மாதம் ஆனதும் காய்ந்துவிட்டதா என்று திறந்து பாருங்கள். லாட ஆணி குத்திய ஓட்டையை சீலன்ட் மட்டும் அடைக்காது. ஓட்டைக்குள் செருகும் அடைப்புத் திரி குறைந்தது இரண்டு பையில் இருக்கட்டும். ஆணியை உடனே பிடுங்காமல், திரியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பிடுங்குங்கள்.

கியர்: முன்னால் 32 பல் சக்கரம், பின்னால் 16 பல் சக்கரம், நிமிடத்துக்கு 80 சுற்று மிதி என்றால் மணிக்கு 22 கிலோமீட்டர் வரும். நாள் முழுக்க பின்னாலுள்ள அந்த ஒரே பல்சக்கரத்தில்தான் ஓடுவீர்கள். மற்ற பல்சக்கரங்களெல்லாம் புதிதாக இருக்க அது மட்டும் தேய்ந்து, செயின் அங்கே மட்டும் வழுக்கத் தொடங்கும். அடிக்கடி இந்தப் பாதையில் ஓட்டுபவர் முன் பல்சக்கரத்தை 34 பல் ஆக்கினால் பின்னால் ஒரு படி பெரிய பல்சக்கரத்துக்கு வரலாம், தேய்மானம் குறையும்.

இறக்கமே இல்லாததால் உடம்புக்கு ஓய்வும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள். சீட் வலி குறையும்.

செப்டம்பர் 28

இன்றைக்கு ஒலி பற்றி மட்டும். இந்தப் பாதையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

குதிரை இரையாக வாழ்ந்த விலங்கு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய முழு வட்டம் பார்க்கும். நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் மட்டும் பார்வை கிடையாது. சமதளத்தில் நல்ல சைக்கிள் சத்தமே இல்லாமல் 22 கிலோமீட்டரில் வரும். பார்வை இல்லாத அந்தப் பின்பக்கத்திலிருந்து, சத்தமில்லாமல், வேகமாக, குனிந்தபடி ஒன்று வந்தால் குதிரைக்கு அது பாயப்போகும் மிருகம்தான்.

மணியடிப்பதைவிடக் குரல் கொடுப்பதே மேல். மணிச் சத்தம் எல்லாக் குதிரைக்கும் பழக்கமாக இருக்காது. மனிதக் குரல் தினமும் கேட்டது. முப்பது மீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சாதாரணக் குரலில் ஒரு ஹலோ சொல்லுங்கள். பதில் வரும் வரை பின்னாலேயே இருங்கள். சவாரிக்காரர் சரி என்றதும் வலப்பக்கமாக, இரண்டு மீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டு, நடை வேகத்தில் கடக்க வேண்டும். கடக்கும்போதும் பேச்சை நிறுத்தாதீர்கள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முதல் ஆளே சொல்லிவிட வேண்டும். பாதி பேர் இடமும் பாதி பேர் வலமுமாகப் பிரிந்து போகவே கூடாது. குதிரைக்கு ஒதுங்க இடமிருக்காது.

பலர் கவனிக்காத ஒன்று: மிதிப்பதை நிறுத்தினால் பின் ஹப் (பின்சக்கரத்தின் நடுப்பகுதி) 'கிர்ர்ர்' என்று சுற்றும். குரலுக்கு அமைதியாக நின்ற குதிரைகூட இந்தச் சத்தத்துக்குத் துள்ளும். அதனால் கடக்கும்போது லேசான கியரில் மெதுவாக மிதித்துக்கொண்டே போங்கள். பிரேக் கீச்சிடுகிறதா? டிஸ்க்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

காதைப் பாருங்கள். ஒரு காது மட்டும் உங்கள் பக்கம் திரும்பினால் கேட்டுவிட்டது என்று பொருள். தலை உயர்ந்து, கழுத்து விறைத்து, பின்புறம் பக்கவாட்டில் நகர்ந்தால் பயம். இரண்டு காதும் பின்னால் ஒட்டிக்கொண்டால் கோபம், உதை வரலாம். கடைசி இரண்டில் எது தெரிந்தாலும் கால் ஊன்றி நில்லுங்கள்.

இது நல்ல பழக்கம் மட்டுமல்ல, சட்டமும்கூட. குதிரைத் தடங்களில் சைக்கிளை அனுமதித்தது 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் (Countryside Act). நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது.

அக்டோபர் 5

பழைய ரயில் தடம். பிராக்கன்ஹர்ஸ்டிலிருந்து மேற்கே ரிங்வுட் போன பாதை, 1847-இல் திறந்து 1964-இல் மூடியது. ரயிலுக்குச் செங்குத்து ஆகாது என்பதால் நமக்குச் சமதளம் கிடைத்தது. ஹோம்ஸ்லியில் பழைய ஸ்டேஷன் கட்டடமே தேநீர்க் கடையாகியிருக்கிறது.

சில இடங்களில் தடம் மேட்டின்மேல் போகும், இருபுறமும் சரிவு, கீழே சதுப்பு. எதிரே குதிரை வந்தால் அந்த மேட்டில் கடக்க முயல வேண்டாம். தூரத்தில் தலை தெரிந்ததும், அகலமான இடத்திலேயே இறங்கி நில்லுங்கள். சைக்கிளை உங்களுக்கும் சரிவுக்கும் நடுவே பிடியுங்கள். அப்போது குதிரைக்கு முதலில் தெரிவது மனித உருவமாக இருக்கும்.

அக்டோபர் 19

ஓக் மரங்களின் கீழே கொட்டைகள் உதிர்ந்து கிடக்கின்றன. வளைவில் டயருக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி உருளும். திரும்புவதற்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள், வளைவுக்குள் பிடிக்க வேண்டாம். பச்சைக் கொட்டை மட்டக்குதிரைகளுக்கு விஷம். அதைத் தின்று தீர்க்கத்தான் இலையுதிர் காலத்தில் பன்றிகளைக் காட்டுக்குள் விடுகிறார்கள். குட்டிகளோடு வரும் தாய்ப்பன்றியிடம் குதிரையைவிடத் தள்ளியே இருங்கள்.

மட்டக்குதிரை பாதையை மறித்து நின்றால் கை தட்டி விரட்டாதீர்கள், தீனியும் கொடுக்காதீர்கள். தீனிக்குப் பழகியது சாலையோரம் வந்து நிற்கும், காரில் அடிபடும். இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே மட்டும் போகவே கூடாது.

நவம்பர் 9

மாலை நாலரைக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. விளக்கை மினுக்கும் நிலையில் வைக்காதீர்கள். குதிரை தெரிந்ததும் ஒளியைத் தரைக்குத் தாழ்த்துங்கள்.

வேலியிட்ட தோட்டக்காடுகளின் கேட்டுகள் பல தானாக மூடிக்கொள்ளும் வகை. குதிரைக்காரருக்காகக் கேட்டைத் திறந்தால் முழுதாகத் திறந்து, குதிரையின் பின்புறம் தாண்டும் வரை பிடித்துக்கொண்டே நில்லுங்கள். பாதியில் விட்டால் கேட்டு வந்து அதன் பின்காலில் அறையும். குதிரை போன பிறகு தாழ்ப்பாள் விழுந்ததா என்று ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள்.