பிரசவத்துக்கு முந்திய வாரங்கள்: மேல்கணக்கிலிருந்து டிக்கோயா வரை

36ஆவது வாரத்துக்குப் பின்னர் கிளினிக்குக்கு வாரந்தோறும் வரச் சொன்னார்கள். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கிலிருந்து ஒவ்வொரு வாரமும் இறங்கி ஏறுவது அந்த வயிற்றோடு இலகுவான காரியம் அன்று. ஆனாலும் இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், குழந்தையின் இதயத்துடிப்பு, தலை கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறதா என்பவை எல்லாம் அந்த வாரங்களில்தான் உன்னிப்பாகக் கவனிக்கப்படுகின்றன. குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு எப்போது போய்ச் சேர்வது என்று நிதானமாக முடிவெடுக்கலாம். வலி வந்தபின் அதை அறிந்துகொள்வது எங்கள் பாதைகளில் ஆபத்தானது.

எனக்கு இரத்தம் குறைவு என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். இரும்புச்சத்து மாத்திரையை நான் ஒழுங்காகத்தான் எடுத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் சாப்பாட்டோடும் சாப்பாட்டுக்குப் பிறகும் பிளேன்டீ இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. தேயிலையில் உள்ள தனின் என்னும் பொருள் உடல் இரும்புச்சத்தை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ஆகவே மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரமாவது தேநீரைத் தவிர்க்க வேண்டும் என்றும், கல்சியம் மாத்திரையை வேறொரு வேளைக்கு மாற்ற வேண்டும் என்றும், தேசிக்காய்ச் சாறோ தோடம்பழமோ உடன் எடுத்தால் நல்லது என்றும் நாங்கள் மிஸ் என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் விளக்கினார். தேயிலை மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது சொல்லித் தரப்பட வேண்டியிருந்தது என்பதை நினைத்து நாங்கள் இருவருமே சிரித்துக்கொண்டோம்.

உடலில் ஏற்படும் மாற்றங்களில் பல, பயப்படத் தேவையில்லாதவை. வயிறு சற்று இறங்கியதும் மூச்சு விடுவது எளிதாகி, அதற்கு ஈடாகச் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழும்ப வேண்டிவந்தது. குளிர்ந்த இரவுகளில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வெளியே உள்ள கழிவறைக்குப் போய்வருவது பெரும் தொல்லை. வழுக்கும் படிகளில் தனியாகப் போகக் கூடாது என்று மாமி உறுதியாகச் சொல்லி, டோர்ச் லைட்டோடு தானே கூட வந்தார். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அழுத்தும் என்பதால் ஒருக்களித்தே படுத்தேன். இடையிடையே வயிறு கல்லாக இறுகித் தளரும் சூட்டு வலியும் வந்தது. எழுந்து நடந்தாலோ தண்ணீர் குடித்துச் சற்று ஓய்ந்தாலோ அது அடங்கிவிடும். உண்மையான வலி அப்படி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டும் வேகம் கூடிக்கொண்டும் வரும்.

மாலையில் கால் வீங்குவது பலருக்கும் உள்ளதுதான். ஆனால் முகமும் கைகளும் திடீரென வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கிப் பூச்சி பறப்பது போலத் தெரிவது, மேல்வயிற்று வலி ஆகியவை இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருப்பதன் அடையாளங்களாக இருக்கலாம். இவற்றுக்கும் இரத்தப்போக்குக்கும் மறுநாள் கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. குழந்தையின் அசைவும் அப்படித்தான். அசைவுகளைப் பத்து வரை எண்ணிக் குறித்துவைக்குமாறு எனக்குச் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கையைக் காட்டிலும் என் குழந்தையின் வழக்கத்தை நான் அறிந்திருப்பதே முக்கியம் என்பது போகப்போகத்தான் புரிந்தது. வழக்கமாகத் துள்ளும் நேரத்தில் அது அடங்கிக் கிடந்தால், கடைசி மாதத்தில் குழந்தை தூங்கத்தான் செய்யும் என்று யார் ஆறுதல் சொன்னாலும் கேட்காமல் அன்றே போய்க் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் விட அதிகமாக நாங்கள் பேசியது எப்போது புறப்படுவது என்பதைப் பற்றித்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வலி வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் வைத்தியசாலைக்குப் போகலாம் என்று முதல் பிரசவக்காரர்களுக்குப் பொதுவாகச் சொல்வார்கள். வைத்தியசாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கணக்குச் சரி. தோட்டத்து மண்பாதையில் இறங்கி, பொகவந்தலாவைக்கு வந்து, நோர்வூட் வழியாக டிக்கோயா ஆதார வைத்தியசாலையை அடைய வேண்டிய எங்களுக்கு அது பொருந்தாது. தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் மண்சரிவும் மூடுபனியும் சேர்ந்து பயண நேரத்தை யாரும் கணிக்க முடியாதபடி ஆக்கிவிடும். வலி பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்குக்கு வந்ததுமே புறப்பட்டுவிடுங்கள், சூட்டு வலியென்று திருப்பி அனுப்பினாலும் நட்டமில்லை என்று மிஸ் சொன்னார். அதையே நான் எல்லாத் தோட்டத்துப் பெண்களுக்கும் சொல்வேன்.

என் கணவர் பக்கத்து லயத்து ஆட்டோக்காரத் தம்பியிடம் பேசி வைத்ததோடு, அந்தத் தம்பி ஹட்டனுக்குப் போயிருந்தால் யாரை அழைப்பது என்பதையும் முடிவு செய்தார். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் கட்டணமில்லாத சுவசெரிய அம்புலன்ஸ் இருப்பது பெரிய உதவிதான். ஆனால் அந்த வண்டி எங்கள் லயம் வரை ஏறாது. ஆகவே எந்த இடத்தில் அதைச் சந்திப்பது, அதுவரை என்னை எப்படி இறக்குவது, வீட்டு முன்விறாந்தையான இஸ்தோப்பின் எந்த மூலையில் தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் என்பதையெல்லாம் பகல் வெளிச்சத்தில் பார்த்துவைத்தோம். கொழுந்து லொறி வரும்வரை காத்திருந்து ஆஸ்பத்திரிக்குப் போன கதையை அப்பாயி சொன்னபோது, எங்கள் ஏற்பாட்டைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சம்பள விடயத்தையும் இந்த வாரங்களிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கொழுந்து பறிக்கும் என் அண்ணிக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி 84 நாட்கள் சம்பளத்தோடு மகப்பேற்று விடுமுறை உண்டு. மூன்றாவது பிள்ளையானால் அந்த நாட்களைக் குறைக்கும் விதி 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. இது தெரியாமல் பழைய கணக்கையே நம்பியிருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

பையில் வைத்தவற்றில் கிளினிக் அட்டை, அடையாள அட்டை, மாற்றுடுப்பு, சானிட்டரி நாப்கின், தெர்மஸ் போத்தல் ஆகியவை எல்லோரும் சொல்பவை. எங்கள் குளிருக்குக் குழந்தையின் கம்பளித் தொப்பியும் காலுறையும் தடித்த துவாய்களும் கூடுதலாக வேண்டும். பிறந்த குழந்தை உடற்சூட்டை விரைவில் இழந்துவிடும். அதிலும் தலை வழியாக இழப்பது அதிகம்.

எனக்கு வலிக்கு முன்னரே பனிக்குடம் உடைந்தது. வலியில்லையே என்று விடியும்வரை பொறுத்திருக்கலாமா என்று மாமி கேட்டார். நீர் உடைந்தபின் நேரம் செல்லச் செல்லத் தொற்று ஏற்படும் வாய்ப்புக் கூடும் என்பதால் உடனே புறப்பட்டோம். வைத்தியசாலையில் சேர்க்கும்போது முதலில் கேட்டவை, நீர் எத்தனை மணிக்கு உடைந்தது, என்ன நிறம், குழந்தை கடைசியாக எப்போது அசைந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டேன் என்பவையே. நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம் என்பதால் நிறத்தைப் பார்த்துவைப்பது முக்கியம். நான் வலியில் தடுமாறியபோது, புறப்படும் முன்னர் கணவர் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்ததைப் பார்த்துத்தான் அவர்கள் நேரத்தைப் பதிந்தார்கள்.