சொட்டு விடுவதற்கு முன்னால்

உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் உள்ள பிள்ளைகள் எங்கள் கண் பிரிவுக்கு வருவது பெரும்பாலும் கண்ணில் தொந்தரவு இருக்கிறது என்பதால் அல்ல. ஒரு மாத்திரைதான் அவர்களை அனுப்பி வைக்கிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின். லூபஸுக்கு அடிப்படை மருந்து அது. வருடக்கணக்கில் சாப்பிடும்போது சிலருக்கு விழித்திரையைப் பாதிக்கலாம். அதனால் ஆரம்பித்த முதல் வருடத்துக்குள் ஒரு தடவையும், 5 வருடம் தாண்டியபின் வருடா வருடமும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2016-இல் சொன்னது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். எனவே லூபஸைப் பார்க்கும் ருமட்டாலஜி (மூட்டு நோய்) பிரிவிலிருந்து வரும் சீட்டில் ஒரே வரிதான் இருக்கும்: விழித்திரை பார்க்கவும்.

அந்த ஒரு வரியால்தான் சிக்கல். சீட்டைப் பார்த்ததும் பிள்ளையைப் போர்டு படிக்க வைத்து, மரத்துப்போகும் மருந்து விட்டுக் கண் அழுத்தம் பார்த்து, பாப்பா (கண் நடுவிலுள்ள கருப்புத் துளை) விரிய சொட்டும் விட்டு, "கண்ணை மூடி உட்காரும்மா" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். பார்வையையும் கண்ணாடிப் பவரையும் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டான என் மேசைக்கு அந்தக் கண் வரும்போது விழித்திரை பளிச்சென்று தெரியும். ஆனால் முன்பக்கம் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவாது. விட்ட சொட்டுகள் கண்ணீர்ப் படலத்தைக் கலைத்திருக்கும், கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழியின் உணர்ச்சியை மழுக்கியிருக்கும். அதற்கப்புறம் எடுக்கும் கண்ணீர் அளவுக்கு மதிப்பில்லை.

இத்தனைக்கும் லூபஸில் கண்ணை அதிகம் தொடுவது இந்த முன்பக்கம்தான். கண் வறட்சிதான் அதில் அடிக்கடி காணப்படும் கண் கோளாறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கண்ணீர்ச் சுரப்பியையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. இமை ஓரத்தில் எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகளும், வெண்படலத்தில் கோழை சுரக்கும் செல்களும் சேர்ந்து பாதிக்கப்படலாம். எண்ணெய், நீர், கோழை மூன்றும் சேர்ந்த கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. கண்ணுக்குள் போகும் ஒளி முதலில் வளைவது அந்தப் பரப்பில். அது நிலையாக இல்லாவிட்டால் பார்வையும் நிலையாக இருக்காது. இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணாடிப் பவர் வரும்போதெல்லாம் மாறி மாறி வந்தால் முதலில் கண்ணீரைப் பாருங்கள் என்று பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது அந்தக் குடும்பத்துக்கு வீண் செலவு.

கண் வறட்சிக்கு ஓஎஸ்டிஐ என்று 12 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. கடந்த ஒரு வாரத்தில் இரவில் வண்டி ஓட்டச் சிரமப்பட்டீர்களா, ஏடிஎம் திரையைப் பார்க்கச் சிரமப்பட்டீர்களா என்றெல்லாம் போகும். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைக் கேட்டு என்ன செய்வது? பொருந்தாத கேள்விகளை விட்டுவிட்டு மீதியை வைத்து மதிப்பெண் கணக்கிடலாம் என்று படிவமே அனுமதிக்கிறது. ஆனால் அப்படிக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது சொற்பம். எனவே என் கேள்விகள் வேறு. பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால் கண் எப்படி இருக்கும்? காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறதா? போர்டில் எழுத்து மங்கும்போது ரெண்டு தடவை சிமிட்டினால் தெளிவாகிறதா? மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. "ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

போன வருடம் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். முகம் ஸ்டீராய்டில் உப்பியிருந்தது. கண்ணில் எரிச்சல் உண்டா என்றால் இல்லை, உறுத்தல் உண்டா என்றால் இல்லை. கண் வறண்டிருக்கலாம், பார்க்கிறேன் என்றதும் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வறட்சியா? டிவி பார்த்தாலே இவளுக்குத் தண்ணியா கொட்டுது சார்." பல அம்மாக்கள் சொல்வதுதான். அடிப்படைக் கண்ணீர் குறைந்து மேற்பரப்பு காய்ந்ததும், மூளை பதறிப்போய் மொத்தமாகத் தண்ணீரை அனுப்புகிறது. அது வழிந்து கன்னத்துக்குப் போகுமே தவிர, படலமாகக் கண்ணில் நிற்காது.

முதலில் ஃபேனை நிறுத்தினேன். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும்போது கண்ணீர் சோதனை செய்வதில் அர்த்தமில்லை. அப்புறம் பஞ்சிலிருந்து ஒரு இழையை முறுக்கி, அவள் பார்க்காதபடி பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய்க் கருவிழியைத் தொட்டேன். சாதாரணமாக யாரும் வெடுக்கென்று சிமிட்டுவார்கள். அவள் மெதுவாகத்தான் சிமிட்டினாள். நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசின் சாயப் பட்டையை ஒரு துளி சலைனில் நனைத்துக் கீழ் இமையின் உட்பக்கம் ஒற்றிவிட்டு, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப்பில் நீல வெளிச்சம் போட்டேன். சிமிட்டிவிட்டுக் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்லி எண்ண வேண்டும். துடைத்துவிட்ட மொசைக் தரை அங்கங்கே திட்டுத் திட்டாகக் காய்வது போல, பச்சைப் படலத்தில் கருப்புப் பொட்டுகள் விழும். முதல் பொட்டு 10 விநாடிக்குள் விழுந்தால் குறைபாடு என்று கணக்கு. அவளுக்கு நான் மூன்று எண்ணுவதற்குள் விழுந்துவிட்டது. கருவிழியின் கீழ்ப்பாதியில் ஊசி குத்தினாற்போல் பச்சைப் புள்ளிகள் வேறு. மேல்தோல் செல்கள் உதிர்ந்த இடங்கள் அவை.

சற்று இடைவெளி விட்டு, கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று அளக்கும் ஷிர்மர் சோதனை. 1903-இல் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் சொன்ன முறை. நூற்றாண்டு தாண்டியும் அதே வடிகட்டித் தாள் பட்டைதான். 5 மில்லிமீட்டர் அகலம், 35 நீளம். நுனியை மடித்துக் கீழ் இமையின் வெளிப்பக்க ஓரத்தில் மாட்டிவிட்டு 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த 5 நிமிடம் ஒரு யுகம். ஈரம் 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவலையில்லை. 5-க்குள் நின்றால் கண்ணீர் நிச்சயம் குறைவு; கூடவே கண்ணீர், எச்சில் சுரப்பிகளை எதிர்ப்புச் சக்தியே தாக்கும் ஷோக்ரென் நோயும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ருமட்டாலஜிக்குத் திருப்பி எழுதுவோம். அவளுடைய பட்டைகள் இரண்டிலும் ஈரம் 5-ஐத் தொடவில்லை.

இவ்வளவு இருந்தும் அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? கருவிழி உடம்பிலேயே நரம்பு மிக அடர்ந்த இடங்களில் ஒன்று. நாள்பட்ட வறட்சியும் அழற்சியும் அந்த நரம்புகளைக் கெடுக்கும்போது சிலருக்கு வலி தாங்க முடியாமல் போகும், சிலருக்கு மரத்துப்போகும். கண் வறட்சிக்கு 2017-இல் வெளியான சர்வதேச வரையறையில் நரம்புக் கோளாறும் காரணங்களில் ஒன்றாகச் சேர்ந்தது இதனால்தான். போதாக்குறைக்கு மூட்டு வலி, காய்ச்சல், சிறுநீரகம் என்று ஆயிரம் பாடு படும் பிள்ளைக்குக் கண் உறுத்தல் ஒரு பொருட்டாகவே தெரியாது. புகார் சொன்னால் பார்க்கலாம் என்று நாம் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

வீட்டு வாழ்க்கையும் சேர்ந்துகொள்கிறது. வெயில் பட்டால் லூபஸ் கிளறும் என்று இவர்களை வெளியே விடுவதில்லை. அது சரிதான். ஆனால் நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில் ஃபோனோடு கிடந்தால் சிமிட்டுவது குறைகிறது, கண் இன்னும் காய்கிறது. ஃபோனைப் பிடுங்குங்கள் என்று நான் சொல்வதில்லை. பள்ளிக்கூடமே போக முடியாத பிள்ளைக்கு அதுதான் துணை. கட்டிலை ஃபேனுக்கு நேர் கீழே போடாதீர்கள் என்பேன், ஃபோனைக் கண் மட்டத்துக்குக் கீழே வைக்கச் சொல்வேன். கண் கொஞ்சம் தாழ்ந்தால் இமையும் தாழும், திறந்திருக்கும் பரப்பு குறையும்.

கருவிழியின் தடிமனையும் குறித்துக்கொள்வேன். சராசரி சுமார் 540 மைக்ரான். வறண்ட கண்ணில் கொஞ்சம் மெல்லியதாக இருப்பதாகச் சில ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். மெல்லிய கருவிழியில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் ஸ்டீராய்டு அழுத்தத்தை ஏற்றக்கூடியது. கருவிழியில் சுழிபோல் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது ஹைட்ராக்சிகுளோரோகுயின் படிவாக இருக்கலாம். அதனால் கெடுதல் இல்லை, மருந்தை நிறுத்தினால் மறைந்துவிடும். இதைப் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மாத்திரை கண்ணில் படிந்திருக்கிறது என்று பாதியைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மாத்திரையையே நிறுத்தியவர்கள் உண்டு. நோய் திரும்பக் கிளம்பி, சிறுநீரகம் வரை போய்விடும்.

அந்தப் பெண்ணுக்கு டாக்டர் பதனப்பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீரும், அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டும் எழுதினார். அடிக்கடி விட வேண்டிய சொட்டில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதனப்பொருள் இருந்தால் அதுவே மேற்பரப்பைப் புண்ணாக்கும். சைக்ளோஸ்போரின் விட்டவுடன் எரியும், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். இரண்டையும் முதல் நாளே சொல்லாவிட்டால் இரண்டாவது வாரம் பாட்டில் ஃப்ரிட்ஜ் மூலைக்குப் போய்விடும்.

முன்பக்கச் சோதனைகள் எல்லாவற்றையும் செய்தால் ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. ஓபி கூட்டத்தில் இது நடக்கிற காரியமா என்று எங்கள் பிரிவிலேயே சண்டை வந்தது, கேட்டது நியாயம்தான். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். லூபஸ் என்று எழுதிய சீட்டு வந்தால் எந்தச் சொட்டும் விடாமல் நேராக என் மேசைக்கு வர வேண்டும். பஞ்சு இழை, ஃப்ளோரசின், நீல வெளிச்சம் மட்டும் பார்ப்பேன். சில நிமிட வேலை. பொட்டு சீக்கிரம் விழுந்தாலோ பச்சைப் புள்ளி இருந்தாலோதான் ஷிர்மர். அது முடிந்ததும் அழுத்தம், அப்புறம் பாப்பா மருந்து. காலை பத்தரைக்கு மேல் வருகிற சீட்டுகளில் இந்த வரிசை இன்னமும் தவறிப்போகிறது.